மஞ்சள் தடவாத சினைப்பை

சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், தம்போயில் நான் வழக்கமாகப் போகும் ஆட்டிறைச்சிக் கடைக்காரர் என்னைக் கண்டாலே சிரிக்க ஆரம்பித்துவிடுவார். எல்லாரும் தொடைக்கறியும் நெஞ்செலும்பும் கேட்கிற இடத்தில் நான் பெட்டை ஆட்டின் சினைப்பையைக் கேட்பேன். எங்கள் ஆட்களுக்குக் கிடா வெட்டினால்தான் கறி. ரெங்கம் பக்கத்துப் பண்ணையில் எப்போதாவது கழித்துவிடும் பெட்டை ஆடு வந்தால் அவர் எனக்குப் போன் அடிப்பார்.

சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, நாற்பதைத் தாண்டியபின் ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்தவள் நான். சொந்தக்காரர்கள் அதைப் பைத்தியக்காரத்தனம் என்று ஆளுக்கொரு முறை சொல்லிப் பார்த்துவிட்டார்கள். எனக்கோ இந்தச் சினைப்பை மேல் அப்படி ஒரு கிறுக்கு. முட்டை வெளியேறும்போது அதன் சுவர் கிழிகிறது. கிழிந்த இடத்தில் ஒரு புரதம் பழைய நார்களை வெட்டி வழிவிட, புது இரத்தக் குழாய்கள் நுழைந்து புதுத் திசு எழுகிறது. எங்கள் தாமான் குடியிருப்பில் அடுப்படியை இடித்து நீட்டிக் கட்டாத வீடே கிடையாது. எந்த வீட்டிலும் வேலை இவ்வளவு சுத்தமாக முடிந்ததில்லை. அந்தப் புரதம் எந்த இடத்தில் உருவாகிறது என்று படம் எடுத்துக் காட்ட வேண்டியதுதான் என் ஆய்வு.

படம்தான் வரவே மாட்டேன் என்றது. வெள்ளிக்கிழமை துறைக் கூட்டத்துக்குள் அது வராவிட்டால் ஆய்வை மூடிவிடுவது என்று முடிவாகியிருந்தது. மறுபடியும் இருட்டோடு எழுந்து, சிங்கப்பூர் வேலைக்காகப் பாலத்தில் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்க எனக்கு மனமில்லை.

அப்போதுதான் கடைக்காரர் கூப்பிட்டு ஒரு சினைப்பை கொடுத்தார். இரண்டாகப் பிளந்து, பளிச்சென்று இருந்தது. உள்ளே இருந்த மஞ்சள் சாயலை நான் கவனித்தேன். புதுத் திசுவுக்கு அந்த நிறம் இருப்பதுண்டு என்பதால் சந்தேகப்படவில்லை. உறையவைத்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, அந்தப் புரதத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு பச்சையாக ஒளிரும் மருந்தை விட்டேன். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். முழுச் சீவலும் பச்சையாக ஜொலித்தது! நாற்காலியைத் தள்ளிவிட்டு ஆடியே விட்டேன்.

என் மேற்பார்வையாளர், பொறுமையே உருவான மலாய்ப் பெண்மணி, நான் ஆடி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு, மருந்து விடாத சீவலையும் பார்த்தாயா என்று மலாயில் கேட்டார். அது இருட்டாக இருக்க வேண்டும். வைத்துப் பார்த்தால் அதுவும் அதே பச்சை.

"அலமாக், போச்சு!" என்று உட்கார்ந்துவிட்டேன்.

என்ன கோளாறு என்று புரியாமல், இன்னொரு சினைப்பைக்காகக் கடைக்கு ஓடினேன். அவர் குடலைக் கழுவிக்கொண்டிருந்தார். இரண்டு உள்ளங்கையும் மஞ்சள். நுண்ணோக்கியின் நீல வெளிச்சத்தில் மஞ்சள் தானாகவே பச்சையாய் ஒளிரும் என்று எங்கோ படித்தது சுரீரென்று நினைவுக்கு வந்தது.

"அண்ணே, எனக்குக் கொடுத்ததையும் மஞ்சள் போட்டா கழுவுனீங்க?"

"பின்ன? இந்தத் தடவை மஞ்சளும் உப்பும் போட்டு நல்லா ஊறவச்சுதான் கொடுத்தேன். படிக்கிற பிள்ளை கையில கவிச்சியோடவா கொடுப்பாங்க?"

எனக்கு வந்த கோபம் பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது. அத்தனை அக்கறையாக என் ஆராய்ச்சியைக் கெடுத்தவர் வேறு யாரும் இல்லை. வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடியது. என் எதிரிலேயே பண்ணைக்குப் போன் போட்டு, "பெட்டை ஒன்னு உடனே வேணும்லா, பிள்ளைக்குப் படிப்பு விஷயம்" என்று விரட்டினார்.

ஆடு வந்தது. இந்த முறை கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு, கழுவாமலே ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். "கவிச்சி அடிக்குதுலா, என்னைத் திட்டக்கூடாது" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

மருந்து ஒரு தடவைக்குத்தான் மிச்சம் இருந்தது. இந்த முறை மருந்து விடாத சீவலைத்தான் முதலில் பார்த்தேன். கும்மிருட்டு. அடுத்ததை வைத்தேன். கிழிந்து ஆறிய இடத்தைச் சுற்றி மட்டும் பச்சையாக ஒரு மெல்லிய வளையம். ஆடத் தோன்றவில்லை, அழுகைதான் வந்தது. மேற்பார்வையாளர் என் தோளைத் தட்டிவிட்டு, நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றார்.

கூட்டம் முடிந்ததும் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

"அப்ப சிங்கப்பூருக்குப் போகலையா?" என்றார்.

"போகலண்ணே."

தராசுக்கு மேலே முருகன் படத்துக்குப் பக்கத்தில் அதை மாட்டினார். வரிசையில் நின்றவர்கள் அது எந்தச் சாமி என்று கேட்டார்கள். அவர் காதில் வாங்காமல், கொஞ்சம் மஞ்சளைக் குழைத்து எடுத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப வைக்கலாம்ல?"

"வைங்கண்ணே" என்றேன். சட்டத்தின் நான்கு மூலையிலும் வைத்தார்.