அரியலூருக்குச் சென்ற பாறை மீன்

கண்ணால் கண்டவற்றையும் நூலோடு ஒப்பிட்டுத் தெளிந்தவற்றையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். முன்னொருமுறை கேள்விப்பட்டதை எழுதிவிட்டேன். வாசகர் ஒருவர் நேரில் சென்று பார்த்து என்னைத் திருத்தினார். அந்த நாணம் இன்னும் உண்டு. பேருந்துச் சீட்டுகள் நனைந்து எழுத்தழிந்தமையால் கட்டணம் எதையும் குறிப்பிடவில்லை.

காலை 5.40. தரங்கம்பாடிக் கடலோரக் கருங்கற்களின் இடுக்கில், அலை விட்டுச்சென்ற சிறு குட்டையிலிருந்து அந்த மீனைக் கைவலையால் எடுத்தேன். பிளென்னி என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. சுண்டுவிரல் நீளம், செதிலற்ற வழுவழுப்பான உடல், கண்களுக்கு மேல் மயிரிழை போன்ற இரு நீட்சிகள். இவ்வகை மீன்கள் பாறைப் பாசியைச் சீப்புப் போன்ற பற்களால் சுரண்டித் தின்னும். பல இனங்களில் பொந்திலுள்ள முட்டைகளை ஆண்மீனே காக்கும். சில இனங்கள், உடலில் ஈரம் உள்ளவரை, நீரைவிட்டு வெளியேறிப் பாறைமேல் அமர்ந்திருக்கும்.

இந்தக் கடைசிச் செய்தியே பயணத்துக்குக் காரணம். அரியலூர்ப் பள்ளியொன்றில் அறிவியல் கற்பிக்கும் என் தோழி தேன்மொழி இதை எட்டாம் வகுப்பில் சொல்ல, வகுப்பே சிரித்திருக்கிறது. அன்றுமுதல் மூன்று வாரமாக அவர் எதைச் சொன்னாலும், "இதுவும் அந்த மீன் கதையா டீச்சர்?" என்கிறார்களாம். மீன் கண்முன் கல்மேல் ஏறினாலன்றி அவர் சொல் இனி எடுபடாது.

8.15. சிதம்பரத்தில் பேருந்து மாறினேன். மூடியில் துளையிட்ட வாளியில் மீன். தனிக் கேனில் மாற்றுக் கடல்நீர். மீன்சுருட்டியில் ஏறிய அம்மாள் ஒருவர் அருகில் அமர்ந்து மூடியைத் திறந்து பார்த்தார்.

"வெரால் குஞ்சாங்க?"

"கடல் மீனுங்க. பள்ளிக்கூடத்துல காட்ட எடுத்துட்டுப் போறேன்."

"கொழம்பு வச்சா ஒரு வாய்க்குக் காணாது. இதுக்கா பஸ் ஏறி வரீங்க?"

10.05. ஜெயங்கொண்டம். வாளியை அவரிடம் ஒப்படைத்துவிட்டுத் தேநீர் அருந்த இறங்கினேன். திரும்பியபோது வாளியில் நீர் நான்கு விரற்கடை உயர்ந்திருந்தது.

"மேல வந்து வாளியப் புடிச்சிக்கிட்டுக் கெடந்துச்சுங்க, பாவம். தண்ணிய நாக்குல வச்சேன், ஒரே கரிப்பு. அதான் மூச்சு முட்டுதுன்னு எங்க வூட்டுத் தண்ணிய ஊத்திவுட்டேன். சக்கரையாட்டம் இருக்கும்."

குளத்து மீன் மேலே வந்து திணறினால் நல்ல நீர் ஊற்றுவது அந்தப் பக்கத்து வழக்கம். அவர் செய்தது அதுவே. மழை விழும் குட்டைகளில் வாழ்வதால் இம்மீன்கள் ஓரளவு நன்னீரைத் தாங்கும். இந்த மீன் எவ்வளவு தாங்கும் என்பதே என் கவலை. வாளி நீரில் பாதிக்குமேல் சாலையோரம் கொட்டிக் கேனிலிருந்த கடல்நீரை ஊற்றினேன்.

"நல்ல தண்ணியக் கொட்டிட்டு உப்புத் தண்ணிய ஊத்துறீங்க. படிச்சவங்கதானா நீங்க?" என்றார் அம்மாள்.

11.30. அரியலூர். இவ்வூர் நிலம் மிகப் பழங்காலத்தில் கடலடியாக இருந்தது. சிப்பித் தடம் பதிந்த சுண்ணாம்புக் கல்லொன்றை மாணவிகள் அகன்ற தொட்டியின் நடுவே வைத்திருந்தனர். மீனை அதில் விட்டோம். அடியில் கிடந்தது, செவுள்மட்டும் அசைந்தது.

"தூங்குது டீச்சர்."

"ஏய், கண்ணு தொறந்துதான்டி இருக்கு."

"மீனுக்கு ஏதுடி இமை?"

தேன்மொழி கையிலிருந்த சுண்ணக்கட்டியைப் பொடியாக்கிவிட்டிருந்தார்.

12.05. மீன் வாலை வளைத்து ஓர் உந்து உந்திக் கல்மேல் ஏறிற்று. முழு உடலும் நீருக்கு மேலே. அங்கிருந்தபடி கண்களைத் தனித்தனியே உருட்டி வகுப்பைப் பார்த்தது. பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்:

"அப்ப வவ்வால் காதாலதான் வழி பாக்கும்னு சொன்னதும் நெசந்தானா டீச்சர்?"

"அதுவும் நெசந்தான். ஒக்காரு" என்றார் தேன்மொழி. அவர் முகத்தில் மூன்று வாரத்துச் சிரிப்பு ஒருசேர வந்தது.

மறுநாட்காலை மீனை எடுத்த குட்டையிலேயே விட்டேன். நாள்தோறும் நான் தாண்டிச் செல்லும் கற்கள் அவை. குனிந்து பார்த்தவர் எவரையும் அங்கு நான் கண்டதில்லை. அரியலூரிலோ வகுப்பு முழுதும் வரிசையில் நின்று பார்த்தது.

அதன் இனம் எதுவென்று தெரியவில்லை. துடுப்பு முட்களை எண்ணினால்தான் சொல்ல முடியும். உயிரோடு துள்ளும் மீனில் எங்களால் எண்ண இயலவில்லை. ஆணா பெண்ணா என்பதும், அந்த நேரத்தில் கல்மேல் ஏன் ஏறியது என்பதும் தெரியாது.