ஃபார்வர்டு ஜம்புலிங்கம்

தெற்கே நிக்கோபார் தீவில் இருக்கிற கேம்பல் பேயிலிருந்து வந்த கப்பல்காரர்கள்தான் செய்தி சொன்னார்கள். கடைசிக் காலத்தில் அங்கே வேலைக்குப் போயிருந்த ஜம்புலிங்கம் காய்ச்சலில் போய்விட்டானாம். அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டார்களாம். என் டீக்கடை பெஞ்சில் இருந்த ஒருவன், "யாரு, அந்த கோல்கீப்பரா?" என்று கேட்டான். எனக்கு வந்ததே கோபம்! பாதி குடித்த கிளாஸை அவன் கையிலிருந்து பிடுங்கி வைத்தேன். "காசும் வேணாம், நீயும் வேணாம், எந்திரிச்சுப் போ" என்றேன். பாய்க்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே போனான். போகட்டும். இந்த போர்ட் பிளேரில் ஜம்புலிங்கத்தை கோல்கீப்பர் என்று சொல்லாத ஆள் நான் ஒருவன்தான் மிச்சம்.

எனக்குச் சொந்த ஊர் காயல்பட்டினம். தெருவுக்குத் தெரு பந்து உதைக்கிற ஊர். பிழைப்புக்காக இந்தத் தீவுக்கு வந்தபோதுகூட, மைதானத்து ஓரமாக இடம் கிடைத்தால்தான் கடை போடுவேன் என்று அடம்பிடித்து இங்கே போட்டவன். அதனால் யார் எப்படி ஆடுகிறான் என்பதில் என்னிடம் யாரும் கதைவிட முடியாது.

இங்கே அப்போது ஒரு வழக்கம் இருந்தது. மழைக்காலம் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை 'ஆள் எடுப்பு' நடக்கும். மெயின்லேண்டிலிருந்து வேலை தேடி வந்து, எந்தக் கம்பெனியிலும் சேராமல் இருக்கிற ஆட்டக்காரர்கள் மைதானத்தில் வரிசையாக நிற்பார்கள். கொஞ்ச நேரம் ஆடிக் காட்டச் சொல்வார்கள். பிறகு ஒவ்வொரு டீமும் முறை வைத்து ஆளை எடுக்கும். போன வருஷம் கடைசியில் வந்த டீமுக்கு முதல் முறை. எடுத்த ஆளின் தோளில் டீம் பனியனைப் போடுவார்கள். தோளில் பனியன் விழுந்தால் அந்தக் கம்பெனியில் வேலை, கம்பெனி வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீட்டில் ஓர் அறை. விழவில்லையென்றால் அடுத்த கப்பலில் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். ஒரு தடவை போட்ட பனியனைக் கழற்றி வேறு டீமுக்குப் போக முடியாது. போனால் வேலையும் போகும், வீடும் போகும்.

அறுபத்தொன்றில் அந்த வரிசையில்தான் ஜம்புலிங்கத்தை முதலில் பார்த்தேன். தூத்துக்குடிப் பையன், கறுத்து ஒல்லியாக இருந்தான், காலில் பூட்ஸ் இல்லை. ஆடிக் காட்டச் சொன்ன நேரத்தில் பந்தை வாங்கி மூன்று பேரைச் சுற்றிவிட்டு, நான்காவது ஆள் எந்தப் பக்கம் சாய்வான் என்று காத்திருந்து மறுபக்கம் அடித்தான் பாருங்கள், நான் கொதிக்கிற பாலை மறந்துவிட்டேன். பால் பொங்கி அடுப்பு அணைந்தது. சுற்றி நின்ற பெங்காலிகள், "க்யா பாத் ஹை! க்யா பாத் ஹை!" என்று கத்தினார்கள்.

அந்த வருஷம் முதல் முறை, துறைமுகத்தில் சரக்கு இறக்குகிற கான்ட்ராக்டர் கிருஷ்ணமூர்த்தியின் டீமுக்கு. அவர்களுடைய கோல்கீப்பர் ஊரோடு போய்விட்டதால் கீப்பர் இடம் காலி. வரிசையில் நெடுநெடுவென்று ஒரு மலையாளி நின்றான், அருமையான கீப்பர். டீம் செகரட்டரி திருநாவுக்கரசு முதலாளியின் காதோரம் போய், "சார், நமக்கு கீப்பர் இல்ல. அந்த உயரமான ஆள எடுத்துருவோம்" என்றார்.

முதலாளி காதிலேயே வாங்கவில்லை. "யோவ், இருக்கிறதுலயே எவன் பெஸ்ட்டோ அவன எடு. எந்த எடம்னு அப்புறம் பாத்துக்கலாம். இந்தப் பயல விட்டா அடுத்தவன் கொத்திக்கிட்டுப் போயிருவான்" என்றார். ஜம்புலிங்கத்தின் தோளில் நீலப் பனியன் விழுந்தது. அடுத்த முறையிலேயே மரைன் ஹில் டீம் அந்த மலையாளியைத் தூக்கிக்கொண்டது. வரிசையில் வேறு கீப்பரே இல்லை.

முதலாளி சொன்னதில் தப்பில்லை என்றுதான் நானும் அன்றைக்கு நினைத்தேன். நல்ல ஆட்டக்காரனை எவன் விடுவான்? ஆனால் அவர் டீமில் முன்னால் ஆட ஏற்கெனவே ஆள் இருந்தது. முதலாளியின் மச்சினன். அவனை உட்கார வைத்தால் முதலாளி வீட்டில் சோறு கிடைக்காது. ஆக, முன்னால் இடமில்லை, பின்னால் ஆளில்லை. முதல் மேட்சுக்கு முந்தின நாள் திருநாவுக்கரசு மஞ்சள் நிறத்தில் முழுக்கைப் பனியன் ஒன்றைக் கொண்டுவந்து ஜம்புலிங்கத்திடம் கொடுத்தார். "இந்த சீசன் மட்டும் தம்பி. அடுத்த ஆள் எடுப்புல ஒரு கீப்பர எடுத்துட்டு உன்ன முன்னால விட்டுர்றேன்."

"எனக்கு கோல்ல நின்னு பழக்கமே இல்லியே, சார்."

"கை இருக்குல்ல? போதும்."

அவ்வளவுதான். ஒரு ஃபார்வர்டை கோல்கீப்பர் ஆக்கிய கதை இதுதான். அடப்பாவிகளா!

அவன் அந்த வருஷம் மோசமாக நின்றிருந்தால் தப்பித்திருப்பான். ஆனால் அடிக்க வருகிறவன் மனசில் என்ன ஓடுகிறது என்று அவனுக்குத் தெரியும், அவனே அடிக்கிறவன் அல்லவா. எந்த மூலைக்கு வரும் என்று முன்கூட்டியே போய் நிற்பான். டீம் அந்த வருஷம் இரண்டாவதாக வந்தது. அடுத்த ஆள் எடுப்பில் திருநாவுக்கரசு கீப்பர் பேச்சை எடுத்ததும் முதலாளி சிரித்தார். "கீப்பர்தான் இருக்கானேய்யா. இருக்கிறதுல பெஸ்ட்ட எடு." நடுவில் ஆடுகிற ஒருவனை எடுத்தார்கள். அதற்கடுத்த வருஷமும் அதே கதை. இவன் நன்றாக நிற்க நிற்க, அவர்களுக்கு கீப்பரே தேவைப்படவில்லை.

சாயங்காலம் பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு ஜம்புலிங்கம் மட்டும் பந்தை எடுத்துக்கொண்டு காலி கோலை நோக்கி ஓடுவான். இங்கேதான் சீக்கிரமே இருட்டிவிடுமே, பந்து கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் அடிப்பான். பிறகு வந்து பெஞ்சில் உட்காருவான்.

"ஒரே ஒரு கோல் பாய். மேட்சுல, ஊரே பாக்க, ஒரே ஒரு கோல். அப்புறம் காலம் பூரா கோல்லயே நிக்கச் சொல்லட்டும், நிக்கேன்" என்பான்.

ஒரு நாள் நானே எரிச்சலில் சொன்னேன். "ஏன்டா மடையா, வழி இருக்கே. ரெண்டு மேட்சுல கைய விட்டுரு. பந்து உள்ள போகட்டும். தன்னால வேற ஆள் பாப்பானுவ."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அதயும் செஞ்சு பாத்தேன் பாய். போன மேட்சுல விட்டுரணும்னு நெனச்சுக்கிட்டுத்தான் நின்னேன். முடியல. பந்து வந்தா கை போயிருது."

மரைன் ஹில் டீம்காரர்கள் இரண்டு முறை வந்து கூப்பிட்டார்கள். அவர்களுக்கு முன்னால் ஆட ஆள் வேண்டும், இவனை ஃபார்வர்டாகவே விடுகிறோம் என்றார்கள். ஆனால் பனியன் மாறினால் வேலை போகும், லைன் வீடு போகும். அதற்குள், லீவில் ஊருக்குப் போய்க் கட்டிக்கொண்ட பெண்சாதி அன்னம்மாளும் கப்பலேறி வந்துவிட்டாள், அவள் வயிற்றில் பிள்ளை. அவன் எங்கே போவான்?

அன்னம்மாள் வந்த முதல் மேட்ச் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கடைக்குப் பக்கத்தில் ஒரு மேடு உண்டு, பெண்கள் அங்கேதான் உட்கார்ந்து பார்ப்பார்கள். கல்யாணத்தின்போது தான் ஃபார்வர்டு என்றுதான் இவன் சொல்லியிருக்கிறான். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு கடைக்கு வந்தாள். "பாய், அவிய ஏன் அங்க ஒத்தையில நிக்காவ? கூட்டத்துல சேக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள். முகம் வாடிப்போயிருந்தது.

 "அதுதாம்மா ரொம்ப முக்கியமான எடம். வர்ற பந்த விடாமப் பிடிக்கணும். எல்லாரையும் அங்க நிக்க வைக்க மாட்டாங்க" என்றேன். அவள் முகம் தெளிந்தது. அன்றிலிருந்து அவளுக்குப் பந்தாட்டம் என்றால் அது ஒன்றுதான். புருஷன் பந்தைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் கை தட்டுவாள். விட்டால் அன்றைக்கு அந்த வீட்டில் பேச்சே இருக்காது.

வருஷங்கள் ஓடின. ஜம்புலிங்கத்தின் விரல் ஒன்று முறிந்து கோணலாகவே சேர்ந்துகொண்டது. பிறகு இன்னொன்று. டீ கிளாஸை இரண்டு கையாலும் ஏந்தித்தான் குடிப்பான். சேற்றில் விழுந்து விழுந்து ஒரு முட்டி எப்போதும் வீங்கியே இருக்கும். புதிதாக வந்தவர்களுக்கு அவன் கோல்கீப்பர் மட்டும்தான். அவன் மூன்று பேரைச் சுற்றிவிட்டு அடித்ததை நான் சொன்னால், பாய் அளக்கிறார் என்று கண்ணடிப்பார்கள்.

எழுபதாம் வருஷத்து ஆள் எடுப்பில்தான் அல்லா கண்ணைத் திறந்தான் என்று நினைத்தேன். மச்சினனுக்குத் தொப்பை விழுந்து, அவனே ஆட்டத்தை விட்டுவிட்டான். அந்த வருஷம் இவர்கள் முறை வந்தபோது வரிசையில் மிச்சம் நின்றவர்களில் கெட்டிக்காரன் ஒரு தெலுங்குப் பையன், கீப்பர். இருக்கிறதில் பெஸ்ட் என்று முதலாளி அவனைத்தான் எடுத்தார். இப்போது டீமில் இரண்டு கீப்பர். முன்னால் இடம் காலி. திருநாவுக்கரசு சொன்ன வாக்கை மறக்கவில்லை, மனுஷனுக்கு அந்த உறுத்தல் இருந்திருக்கிறது. ஜம்புலிங்கத்தைக் கூப்பிட்டு நீலப் பனியனைக் கொடுத்தார்.

அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு நேராகக் கடைக்குத்தான் ஓடிவந்தான். "பாய், பாய்!" என்று பனியனை என் முன்னால் விரித்துக் காட்டினான். நான் அன்றைக்குக் கடையில் இருந்த எல்லோருக்கும் சும்மா டீ ஊற்றினேன்.

முதல் மேட்ச் மரைன் ஹில் டீமோடு. மைதானம் நிறைந்திருந்தது. மேட்டில் அன்னம்மாள் இளைய பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் பாதியில் அவனைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது. ஓடினால் முட்டி ஒத்துழைக்கவில்லை. பந்து அவனைத் தாண்டித் தாண்டிப் போனது. முன்னால் ஆட வேண்டிய வயசெல்லாம் இரண்டு கம்பத்துக்கு நடுவில் போய்விட்டதே. ஆனால் எங்கே நிற்க வேண்டும் என்பது மட்டும் அவனுக்கு மறக்கவில்லை.

ஆட்டம் முடியப் போகிற நேரம். இடது பக்கத்திலிருந்து பந்து உயரமாக வந்தது. அவர்களுடைய கீப்பர் முன்னால் பாய்ந்து வழுக்கி விழுந்துவிட்டான். கோல் வாயில் திறந்து கிடக்கிறது. சரியான இடத்தில் ஜம்புலிங்கம் ஒருவன்தான். தலையை ஒரு ஆட்டு ஆட்டினால் போதும். நான் கரண்டியோடு ரோட்டுக்கே வந்துவிட்டேன். "முட்டுடா! முட்டுடா!" என்று கத்தினேன்.

அவன் எம்பினான். அவனுடைய இரண்டு கைகளும் மேலே போயின. பந்தை அழகாகப் பிடித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கீழே இறங்கினான்.

 பிறகு யாரோ, "அரே, பகட் லியா! பிடிச்சுட்டான்!" என்று கத்த, மைதானமே சிரித்தது. விசில் ஊத வேண்டிய ரெஃப்ரீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். விழுந்து கிடந்த கீப்பரும் சிரித்தான். ஜம்புலிங்கம் பந்தை அணைத்தபடியே நின்றான். இவ்வளவு சிரிப்புக்கு நடுவில் மேட்டிலிருந்து ஒரு கைதட்டல் மட்டும் தனியாகக் கேட்டது. அன்னம்மாள்தான்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு அவன் கடைக்கு வந்தான்.  டீயை இரண்டு கையாலும் வாங்கினான், குடிக்கவில்லை.

"பாய், முட்டியிருந்தா உள்ள போயிருக்கும்லா?"

"போயிருக்கும்டா."

"எந்தப் பக்கம் முட்டணும்னுகூடத் தெரிஞ்சுது பாய். வலது மூல." தன் கோணல் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்பைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

அதற்குள் அன்னம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சிரித்தவர்கள்மேல் அவளுக்கு அப்படி ஒரு கோபம். "அவனுவ கெடக்கானுவ, வேலையத்த பயலுவ. அவ்வளவு ஒசரத்துல வந்த பந்த எவன் பிடிப்பான்? நீங்க விடலியே. எத்தன பேரு சிரிச்சாலும் விடவே இல்லியே!" என்றாள்.

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். 

"ஆமா, விடல" என்றான்.

பிள்ளையை அவளிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். இரண்டு பேரும் டாலிகஞ்ச் லைன் வீட்டுப் பக்கமாக நடந்து போனார்கள். நீலப் பனியனை அவன் மறுநாளே திருநாவுக்கரசிடம் கொடுத்துவிட்டு, பழைய மஞ்சள் பனியனைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.