யார் கார்டில் யார் டீசல்

மலேசியாவின் ஈப்போவுக்கு வந்து மூன்று வருடமாகிறது. இன்னமும் பெட்ரோல் பங்கில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன். யாரும் வருவதில்லை. இங்கே நாமே இறங்கி, நாமே குழாயைப் பிடிக்க வேண்டும். எங்கள் காரைக்குடியில் "ஜீரோ பாத்துக்கங்க சார்" என்று ஒரு குரல் கேட்கும். அது ஒரு பெரிய விஷயமா என்று கேட்காதீர்கள், எனக்குப் பெரிய விஷயம்தான்.

ஒரு லாரி கம்பெனியில் டேட்டாபேஸ் வேலை. எந்த லாரி எவ்வளவு ஓடியது, அதற்கென்று கம்பெனி கொடுத்த கார்டில் எவ்வளவு டீசல் போட்டது என்று இரண்டையும் சேர்த்து, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பட்டியல் எடுக்கும் குவெரி எழுதச் சொன்னார் எங்கள் சீன முதலாளி. எழுதினேன். டிரைவர் முனியாண்டி அண்ணன் பட்டியலில் கடைசியில் வந்தார். கோப்பெங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், தோட்டத்தை மூடியபின் லாரிக்கு வந்தவர். "டீசல் திருடுறான். நாளைக்கு வேலையை விட்டு அனுப்பு" என்றார் முதலாளி.

எனக்கு உறுத்தியது பட்டியலின் மேல்பகுதி. ஹுத்தான் மெலிந்தாங் ஊருக்கு ஓடும் மீன் லாரி ஒன்று காற்றைக் குடித்து ஓடியதுபோல் முதலிடத்தில் இருந்தது. ஷெட்டுக்குப் போய் அண்ணனிடம் கேட்டேன்.

"அவன் கார்டுல லிமிட் முடிஞ்சிருச்சு தம்பி. மீனு ஐஸ்ல இருக்கு, நடுரோட்டுல நிக்க விடலாமா? என் கார்டுல போட்டுக்கடான்னேன். இங்க எல்லாரும் அப்படித்தான் லா."

"முதலாளிகிட்ட சொல்லிருக்கலாமே அண்ணே?"

"சொன்னா அவனுக்குப் பிரச்சனை லா."

இரண்டு லாரியையும் கூட்டிப் பார்த்தேன். கணக்கு சரியாக இருந்தது. பிரித்தால்தான் ஒருவர் திருடர். முதலாளி ஒப்புக்கொண்டார், அண்ணன் வேலை தப்பியது. ஆனால் அன்றே, ஒரு கார்டு ஒரு லாரிக்குத்தான் என்று சிஸ்டத்தில் பூட்டச் சொன்னார். பூட்டியதும் நான்தான். அதிலிருந்து ஷெட்டில் என்னை யாரும் தே தாரேக் டீ குடிக்கக் கூப்பிடுவதில்லை. எனக்கு இந்த வேலையே சலித்துப்போய்விட்டது.

நேற்று பங்கில் குழாயைப் பிடித்து நிற்கும்போது ஊரிலிருந்து மனைவி போனில் பேசினாள். பாப்பாவைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும்போது ஸ்கூட்டர் பெட்ரோல் தீர்ந்து வழியில் நின்றுவிட்டதாம். எதிர்வீட்டு அண்ணன் தன் வண்டியிலிருந்து பெட்ரோல் பிடித்து ஊற்றினாராம். "காசு வேணாம்னுட்டாருங்க" என்றாள். "சரி" என்றேன். என் வீட்டு வண்டி அங்கே யாருடைய பெட்ரோலிலோ ஓடுகிறது. இங்கே டேங்க் நிறைந்து குழாய் தானாக நின்றது. நான் கையை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.