ரெண்டு வருஷம்கூட நிக்காது

போன வாரம் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. கத்தரிக்கோல் தேடக்கூடப் பொறுமையில்லாமல் என் மகள் அதைப் பல்லால் கிழித்தாள். உள்ளே, கையில் வைத்து ஆடும் புது கேம் கருவி. உறையைப் பிரித்ததும் ஒரு வாசம் அடித்தது பாருங்கள், புது ரப்பரும் தெர்மாகோலும் கலந்த மாதிரி. எனக்கு ஒரு பழைய கடை ஞாபகம் வந்தது.

"அப்பா, இது ரொம்ப வருஷம் நிக்குமா? இல்ல, இதையும் நிறுத்திருவாங்களா?"

"தெரியலை கண்ணு" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எதைக் கேட்டாலும் அரைமணி நேரம் பேசுகிற அப்பன் அல்லவா.

இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் அச்சிலேயே பதில் சொன்னவன் நான். வேலைக்குச் சேர்ந்த புதிது. கோவையில் ஒரு பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில், புதிதாக வரும் சாதனங்களைப் பற்றி வாராவாரம் எழுதுவேன். மேலே, தாடையில் கைவைத்து நான் யோசிக்கிற படம். அதைப் பார்த்து என் அம்மாவாலேயே என்னை அடையாளம் கண்டுபிடிக்க முடியாது. எந்தக் கம்பெனி பிழைக்கும், எது கவிழும் என்றெல்லாம் அடித்துச் சொல்வேன். அறைக்கு வாடகை கொடுத்தது போக மிச்சத்துக்கு மெஸ்ஸில் சாப்பிடுகிறவன், ஜப்பான்காரனுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுப்புடவைக் கடையை ஒட்டின சந்தில் சாமுவேல் அண்ணன் கேம் கடை வைத்திருந்தார். மேட்டுப்பாளையம் பக்கத்துக்காரர். அப்பாவும் அம்மாவும் வாழைத்தோட்டங்களில் கூலிக்குப் போனவர்கள். அந்தக் குடும்பத்தில் கடை என்று ஒன்றைத் திறந்த முதல் ஆள் அவர்தான். ஷட்டரைத் தூக்கும்போது தினமும் ஒருமுறை பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார்.

அந்த வருஷம் ஒரு புதுக் கருவி வந்தது. உள்ளங்கை அகலத் திரை, பளபளவென்று படம். சாமுவேல் அண்ணன் அதன்மேல் ஆசை வைத்துவிட்டார். தீபாவளிக்கென்று நிறைய இறக்கி, ஒன்றை மட்டும் பிரித்து மேஜைமேல் வைத்திருந்தார். யார் வேண்டுமானாலும் ஆடலாம். பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் மொய்த்துவிடும். "கண்ணு, போதும். அடுத்தவங்களுக்குங் குடு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். சொல்வதோடு சரி, பிடுங்க மாட்டார்.

அதைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் அந்தக் கருவியையே என் கையில் கொடுத்தார். "சும்மா பாத்துப்போட்டு எழுதினா எப்படீங்க தம்பி? ஊட்டுக்குக் கொண்டுபோய் ஆடிப் பாருங்க."

ஆடினேன். பஸ்ஸில் ஆடிக்கொண்டே போய் இறங்கவேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு, வெயிலில் திரும்பி நடந்து வந்தேன். சோறு ஆறிப்போனது. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த நாட்கள் அந்த வயதில் குறைவு.

ஆனால் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சந்தோஷத்தை எழுதினால் விவரம் தெரியாதவன் என்று நினைப்பார்களே. இதற்கு கேம் எழுதித்தர யாரும் முன்வரவில்லை, வாங்குகிறவர்கள் கூடட்டும் என்று கேம் செய்கிறவர்கள் காத்திருப்பார்கள், கேம் வரட்டும் என்று வாங்குகிறவர்கள் காத்திருப்பார்கள், அதற்குள் செல்போன் எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்று எழுதி, ரெண்டு வருஷம்கூட நிக்காது என்று தலைப்பும் வைத்தேன். எழுதி முடித்த பிறகும் கருவியைத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. கட்டுரை வெளிவந்த ஞாயிற்றுக்கிழமைதான் எடுத்துக்கொண்டு போனேன்.

நான் போய் நின்றபோது உடுமலைப்பேட்டையிலிருந்து ஜவுளி எடுக்க வந்திருந்த குடும்பம் ஒன்று கடையில் இருந்தது. சாமுவேல் அண்ணன் என்னிடமிருந்து கருவியை வாங்கி நேரே அவர்களுடைய பெண்ணின் கையில் கொடுத்தார். பத்து வயசு இருக்கும். இரட்டைச் சடை. நாக்கை ஓரத்தில் நீட்டிக்கொண்டு ஆடத் தொடங்கினாள். அவளுடைய அப்பா அக்குளிலிருந்து பத்திரிகையை எடுத்தார்.

"ஏனுங்க, இது ரெண்டு வருஷம்கூட நிக்காதுன்னு போட்டிருக்குதுங்களே?"

சாமுவேல் அண்ணன் அதை வாங்கிப் படித்தார். கடைசி வரி வரைக்கும் படித்தார். நான் பக்கத்திலேயே நிற்கிறேன். இந்தா இவன்தான் எழுதினான் என்று என்னைக் காட்டியிருக்கலாம். பத்திரிகைக்காரன் கிடக்கிறான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் வியாபாரம் முடிந்திருக்கும்.

"எழுதினவரு விவரமானவருங்க. சரியாத்தான் இருக்கும்" என்றார்.

"அம்மணி, வெச்சுட்டு வா. போலாம்" என்று மகளைக் கூப்பிட்டார் அவர்.

அவள் ஆட்டத்தை நிறுத்தாமல் அப்படியே மேஜைமேல் வைத்தாள். திரையில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வாசல்படி வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

சாமுவேல் அண்ணன் திரையைச் சட்டை நுனியால் துடைத்தார். "தப்பா ஒண்ணும் எழுதலீங்க தம்பி. தீபாவளி கழிஞ்சு எழுதியிருக்கலாமுங்க." அவ்வளவுதான். எனக்கு டீ சொன்னார்.

நான் சொன்னபடியே ஆயிற்று. கம்பெனிக்காரன் நிறுத்திவிட்டான். ஆபீசில் என் முதுகில் தட்டினார்கள். அதற்கு வெகுநாள் முன்பே சாமுவேல் அண்ணன் கடையைக் காலி செய்து, உடுமலையில் மச்சானோடு தேங்காய் வியாபாரத்துக்குப் போயிருந்தார். உலகம் முழுக்கத் தோற்றுப்போன கருவி அது. என் கட்டுரையால்தான் கடை போயிற்று என்று சொல்ல முடியாதுதான். இப்படி எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெண் நினைவுக்கு வந்துவிடுவாள். ரெண்டு வருஷம் என்பது எனக்கு ஒரு தலைப்பு. பத்து வயசுப் பிள்ளைக்கு அது எவ்வளவு நீளம்! நின்றுபோகிற நாள் வரைக்கும் ஆடியிருப்பாளே.

சில வருஷம் கழித்து அண்ணனை ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சொந்தக்காரர்களிடம் காட்டினார். "இவரு அன்னிக்கே கரெக்டா சொன்னாருங்க!" குத்தல் ஏதும் இல்லை, நிஜமான பெருமை. திட்டியிருந்தால் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பேன். பந்தியில் உட்காராமலே கிளம்பிவிட்டேன்.

அந்தச் சந்தில் இப்போது கடை இல்லை. புடவைக் கடைக்கு வருகிறவர்கள் வண்டி நிறுத்துகிறார்கள். கருவிகளுக்கு என்ன, ஒன்று போனால் ஒன்று வருகிறது. ஒரே ஒரு திரையைச் சுற்றிப் பத்துத் தலைகள் முட்டிக்கொண்டு நின்று, ஆடுகிறவனைவிடச் சத்தமாகக் கத்திய அந்தக் கூட்டத்தைத்தான் எங்கேயும் காணோம். அது எத்தனை நாள் நிக்கும் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. எனக்கும் எழுதத் தோன்றவில்லை.