கயிற்றில் இருந்த மூன்றாவது அடையாளம்

பேய், ஆவி என்று யாராவது பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். வெள்ளிக்கிழமை என் மனைவி வாசலில் எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்தால், அதைத் தாண்டிப் போய்க் காரை எடுப்பேன், அவள் திட்டுவாள், நான் சிரிப்பேன். அதனால் நீங்கள் வாயோரத்தில் சிரிப்பதைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், இருட்டைப் பார்த்து மிரண்டுவிட்டேன் என்று. பதினோரு வருடமாக சிங்கப்பூரில் கப்பல்களின் அடிப்பாகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்கிறேன். நீட்டின கை தெரியாத கலங்கல் தண்ணீர்தான் என் ஆபீஸ்.

என் மனைவியின் தம்பி சிவாவுக்குப் போர்க்காலத்தில் மூழ்கிய கப்பல்கள் என்றால் பைத்தியம். மலேசியக் கரையில் இருக்கிற மெர்சிங்கிலிருந்து படகில் சில மணி நேரம் போனால் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் கிடக்கிறது என்று கண்டுபிடித்து வந்தான். உலகப் போரில் போனது. உள்ளே இருந்தவர்கள் இன்னமும் உள்ளேயேதான் இருக்கிறார்கள், அது ஒரு கல்லறை. பழைய இரும்புக்காக வந்த திருடர்கள் அதன் விலாவைக் கிழித்து, ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு வைத்திருந்தார்கள். வெளியே சுற்றிப் பார்ப்பதோடு சரி என்று அக்காவிடம் சத்தியம் செய்துவிட்டு வந்தவன், படகில் டேங்க் மாட்டும்போது மெதுவாக ஆரம்பித்தான்.

"அஞ்சே நிமிஷம் மாமா. உள்ள எட்டிப் பாத்துட்டு வந்துரலாம் லா."

நானும் தலையாட்டினேன். பெரியவன் நான், என் புத்தி எங்கே போயிற்று என்று இன்றைக்கும் தெரியவில்லை.

உள்ளே போகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வாசலுக்கு வெளியே ஒரு கயிற்றைக் கட்டிவிட்டு, ரீலிலிருந்து அதை விட்டுக்கொண்டே உள்ளே போவோம். திரும்பும்போது கண் தெரியாவிட்டாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். வாசலில் அந்தக் கயிற்றில் ஆளுக்கொரு துணி கிளிப் மாட்டுவோம். துணி காயப்போடுகிற அதே பிளாஸ்டிக் கிளிப்தான், எங்கள் வீட்டுக் கொடியிலிருந்து எடுத்துப்போனது, எனக்கு மஞ்சள், சிவாவுக்கு நீலம். வெளியே வருகிறவர் தன்னுடையதைக் கழற்றிக்கொள்வார். ஓர் அடையாளம் மிச்சம் இருந்தால் ஓர் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று பொருள், அவர் வரும்வரை கயிற்றில் யாரும் கை வைக்கக் கூடாது. அது அவருடைய உயிர்.

காலை பத்து மணி, நல்ல வெயில், கடலில் எங்கள் படகைத் தவிர வேறு படகு இல்லை. உள்ளே ஏழெட்டு மீட்டர்தான் போயிருப்போம், சிவாவின் கால் துடுப்பு எங்கோ பட்டு அடியிலிருந்த சேறு கிளம்பிவிட்டது. அவ்வளவுதான், டார்ச் வெளிச்சமே தெரியவில்லை. ரீலை அங்கேயே ஒரு குழாயில் கட்டிப் பூட்டினேன். சிவாவின் கையைப் பிடித்துக் கயிற்றில் வைத்து, தோளை அழுத்தி முன்னால் அனுப்பினேன். அவனுக்கு ஏதாவது ஆனால் அவன் அக்கா முகத்தில் எப்படி முழிப்பேன் என்பது மட்டும்தான் அப்போது மண்டையில் இருந்தது. நல்லபடியாக வெளியே வந்தான், நீலக் கிளிப்பை எடுத்துக்கொண்டு மேலே மிதந்தான். பின்னாலேயே நான் வந்தேன், மஞ்சளை எடுத்தேன்.

பக்கத்தில் இன்னொன்று இருந்தது.

கிளிப் இல்லை. தார் பூசின மாதிரி கறுப்பாக ஒரு துண்டு நூல், கயிற்றைச் சுற்றி இறுக்கமாக முடிச்சுப் போட்டு. எங்கள் இரண்டு கிளிப்புக்கும் நடுவில் நான் விட்டிருந்த அதே ஒரு சாண் இடைவெளி விட்டு, மூன்றாவதாக. போகும்போது அது இல்லை. கிளிப் மாட்டினவனே நான்தான்.

நம்பினால் நம்புங்கள், கயிறு அசைந்தது. ஓர் இழுப்பு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி ஓர் இழுப்பு. நீரோட்டம் இழுத்தால் இப்படி இருக்காது. கை மாற்றிக் கை மாற்றி ஓர் ஆள் கயிற்றைப் பிடித்து வரும்போது எப்படி இருக்கும் என்று என் உள்ளங்கைக்குத் தெரியும், அது என் தொழில். ஓட்டையிலிருந்து சேறு புகையாக வந்துகொண்டே இருந்தது. இழுப்பு நெருங்கியது.

காற்று மீட்டரைப் பார்த்தேன். காற்று இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இன்னும் சில நிமிடம் நின்று பார்க்கிற அளவுக்குக் காற்று இருந்தது. நான் கத்தியை எடுத்தேன். வாசல் ஓரத்தில், அந்தக் கறுப்பு முடிச்சுக்கும் ஓட்டைக்கும் நடுவில், கயிற்றை அறுத்தேன்.

இழுப்பு நின்றுவிட்டது. வெளியே கட்டியிருந்த துண்டை அவிழ்த்துப் பையில் திணித்துக்கொண்டு மேலே வந்தேன். படகில் சிவா நடுங்கிக்கொண்டே சிரித்தான், உயிர் பிழைத்த சிரிப்பு. ரீல் எங்கே என்று கேட்டான். உள்ளேயே விட்டுவிட்டேன் என்றேன். அறுத்ததைச் சொல்லவில்லை. பழைய மீன்வலை நூல் வந்து சிக்கியிருக்கும், பெரிய மீன் ஏதாவது கயிற்றில் மோதியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லி, கிட்டத்தட்ட நம்பியும் விட்டேன்.

ஐந்து மாதம் கழித்து சிவா வேறு நண்பர்களோடு அங்கே போனான். இந்த முறை வெளியிலிருந்து மட்டும்தான் பார்த்தானாம். படகிலிருந்து இறங்கியதும் ஒரு படம் அனுப்பிவிட்டு போன் அடித்தான்.

"கயித்த நல்லாத்தான் கட்டிட்டு வந்திருக்கீங்க மாமா. ஆனா ஏன் உள்பக்கமா கட்டுனீங்க?"

படத்தில் என் வெள்ளைக் கயிறு இருட்டுக்குள்ளிருந்து விறைப்பாக வருகிறது. அறுபட்ட முனை கிழிந்த இரும்பு விளிம்பு வரை வந்து, உள்பக்கத்தில், கறுப்பு நூலால் கட்டப்பட்டிருக்கிறது. அதே முடிச்சு.

அவசரத்தில் அப்படிக் கட்டிவிட்டேன் என்று சிவாவிடம் சொன்னேன். வேறு என்ன சொல்வது?

நான் அறுத்து எடுத்துவந்த அந்த ஒரு முழக் கயிறு வீட்டு மேசை டிராயரில் இருக்கிறது. எறிந்துவிடு என்று நீங்களும் சொல்வீர்கள். அந்த முடிச்சு இன்னும் அதில் அப்படியே இருக்கிறது. வெளியே வந்தவர்தான் தன் அடையாளத்தைக் கழற்ற வேண்டும். அவர் வரவில்லை, வாசல் வரை வந்தார். நான் எப்படிக் கழற்றுவது?