ஆதிராவின் பங்கு

நான் நடத்துகிற சீட்டில் ஒரு நாய் உறுப்பினராக இருக்கிறது. இதைச் சொன்னால் சாலைக் கம்போளம் என்கிற எங்கள் சந்தையில் பாதிப்பேர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். என் கையாலேயே அதன் பெயரை எழுதிச் சேர்த்தேன் என்பதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

உலகம்மையைப் பற்றிச் சொன்னால்தான் புரியும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தவள். புருஷன் போன பிறகு கம்போளத்தில் ஒரு பாத்திரக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். வாங்குகிற பாத்திரங்களில் பேர் வெட்டிக் கொடுப்பது அவள் வேலை. தமிழானாலும் மலையாளமானாலும் எழுத்து முத்து முத்தாக விழும். ஆனால் சம்பளம் கையில் விழுந்ததும் ஊரிலிருந்து தம்பி போன் செய்வான். கூரை ஒழுகுகிறது என்பான், பைக்குக்குத் தவணை என்பான். மறுபேச்சுப் பேசாமல் அனுப்பிவிடுவாள். போன சீட்டில் அவளுக்கு விழுந்த பணமும் முழுசாக அப்படித்தான் போயிற்று. "உனக்கு என்ன கூறுகெட்டுப் போச்சா?" என்று நான் திட்டாத நாள் கிடையாது.

புதுச்சீட்டு தொடங்கியபோது, "இந்தத் தடவ என் பேரு வேண்டாம்க்கா, ஆதிரான்னு போடுங்க. பைசா நான் கொண்டாந்து தாரேன்" என்றாள்.

"யாருடி அது?"

"நம்ம பிள்ளதான்."

கழக்கூட்டம் பக்கம் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற சொந்தக்காரப் பெண்ணாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அதோடு விட்டேனா? என் சித்தி மகனுக்குப் பார்க்கலாமா என்றும் ஒருநாள் கேட்டு வைத்தேன். "அவ வீட்ட விட்டு எங்கயும் போ மாட்டாக்கா" என்று உலகம்மை சொன்னாள். நல்ல அடக்கமான பெண் என்று நினைத்தேன்.

அவள் வீட்டில் ஒரு நாய் இருப்பது தெருவுக்கே தெரியும். திருவாதிரை அன்று கோயில் வாசலில் கிடந்த குட்டி. அதை அவள் மகளே என்பதை மலையாளத்தில் "மோளே, மோளே" என்று கூப்பிடுவாள். இங்கே எல்லாப் பெண்பிள்ளையும் மோள்தான், அதனால் அதற்கென்று தனியாக ஒரு பேர் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு நாய் என்றாலே ஆகாது. அந்த வாசலுக்கே நான் போவதில்லை.

சென்ற மாதம் அந்த நாய் சோறு தின்னாமல் படுத்துவிட்டது. கர்ப்பப்பையில் சீழ், ஓரிரு நாளில் அறுத்து எடுக்காவிட்டால் பிழைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். செலவு பதினைந்தாயிரம். சீட்டுக் குலுக்குகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் உலகம்மை என்னிடம் வந்தாள்.

"ஜெயஷீலாக்கா, இந்த மாசம் குலுக்காம ஆதிரா சீட்டத் தர முடியுமா? மோளுக்கு ஓப்பரேஷன்."

"நாய்க்கா? இத்தன பேரு காத்துக்கிட்டு இருக்காங்க. விழுந்தா எடுத்துக்கோ, விழாட்டி நான் என்ன செய்ய?"

அவள் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள். மத்தியானம் செம்பைக் குலுக்கிப் பேர் எழுதிய ஒரு துண்டை எடுத்தேன். ஆதிரா என்று வந்தது.

உலகம்மை அங்கே இல்லை. சீட்டு விழுந்தவர் நேரில் வந்து வாங்க வேண்டும், மீதித் தவணைக்கு ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். அந்தப் பெண்ணை வரச்சொல்லலாம் என்று நானே அவள் வீட்டுக்குப் போனேன். பழைய சேலையில் நாய் கிடந்தது. பக்கத்தில் ஆறிய கஞ்சியோடு ஒரு எவர்சில்வர் தட்டு. தட்டின் விளிம்பில் அவள் கையெழுத்து: ஆதிரா.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "சீட்டு விழுந்திருக்கு, உன் ஆதிராவுக்கு! என்னக் கோமாளி ஆக்கிட்டியே, உலகம்ம!"

அவள் நாயின் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை. "இது திங்கிற சோறு என் சோத்துல போகும்க்கா. வருஷ ஊசிக்கும் எப்படியாவது பாத்துக்கிடுவேன். பெரிசா ஒண்ணு வந்தா நான் எங்க போவேன்? என் பேர்ல கெடந்தா தம்பி கேப்பான், குடுத்திருவேன். இல்லன்னு சொல்ல எனக்கு வராது. இவ பேர்ல கெடந்தா இவளுக்க பைசா அல்லே? அத எடுத்துக் குடுக்க எனக்கு என்ன அவகாசம்?"

மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. இத்தனை வருஷத்தில் அவள் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அப்போது போன் அடித்தது. தம்பிதான். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே எடுத்தாள்.

"என் கையில ஒண்ணும் இல்லப்பா… நெசமாத்தான். மோளுக்கு ஓப்பரேஷன்… ஆமா, என் மோளுக்குத்தான்." வைத்துவிட்டாள்.

தெருமுனையில் நின்ற சஜியின் ஆட்டோவைக் கூப்பிட்டேன். நாயைத் தூக்கி வைக்க நானும் ஒரு கை பிடித்தேன். அதற்கு வாலை அசைக்கக்கூடத் தெம்பில்லை. ஆட்டோவிலேயே என் பையிலிருந்த சீட்டுப் பணத்தை உலகம்மையிடம் எண்ணிக் கொடுத்துவிட்டு, ஜாமீன் தாளை மடியில் வைத்து எழுதினேன். சீட்டு நடத்துகிறவளே ஜாமீன் நிற்பது எந்த ஊர் நியாயம் என்று யாராவது கேட்டால் கேட்கட்டும்.

சீட்டு எடுத்தவர்: ஆதிரா. ஜாமீன்: ஜெயஷீலா. அதற்குக் கீழே உறவு என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. உலகம்மை என்னை அக்கா என்கிறாள், இது அவள் மோள்.

பெரியம்மா என்று எழுதினேன்.