நித்திரை மாப்பிள்ளை

களைப்பு என்று வாய் திறந்தால் போதும், காத்தான்குடியில் ஆளுக்கொரு மருந்து வைத்திருப்பார்கள். பேரீச்சம்பழம் சாப்பிடு. கருஞ்சீரகம் மெல்லு. பூச்சிக் குளிசை போடு. கண்ணூறாக இருக்கும், ஓதிப் பார். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். "உண்ட களை தொண்டனுக்கும் உண்டு" என்பதுதான் அந்தச் சிரிப்புக்கு அர்த்தம். அட, போங்கள்! உண்ட களையும் ஒன்பது வருஷக் களையும் ஒன்றா?

என் பெயர் ஜிப்ரி. வயது முப்பத்தெட்டு, எடை ஐம்பத்திரண்டு கிலோ. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வான் வண்டியில் ஏற்றி இறக்குவது என் தொழில். எங்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேருகிறவன். அதில் ஒரு குறையும் இல்லை, ஊர் முழுக்க அப்படித்தான். ஆனால் வந்து சேர்ந்த மாப்பிள்ளை எந்நேரமும் தூங்கி விழுந்தால் அவன் கதி அதோகதி. பெற்ற தாய் வீட்டில் தூங்கினால் 'பாவம், அலுப்பு' என்பார்கள். பெண் வீட்டில் தூங்கினால் சோம்பேறி. பக்கத்து வீட்டு மீராசாஹிப் காக்காதான் எனக்கு 'நித்திரை மாப்பிள்ளை' என்று பட்டம் வைத்தவர். இரண்டே கிழமையில் மீன் சந்தை வரைக்கும் அது பரவிவிட்டது.

இரவு பத்து மணிக்குப் படுப்பேன். சுபஹுத் தொழுகைக்கு எழும்பும்போது விடிய விடிய மூட்டை சுமந்தவன் போல உடம்பு வலிக்கும். தலை இடிக்கும், நாக்கு காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஜும்ஆப் பிரசங்கத்தில் தூங்காதவர் யார்? நான் சுஜூதில் தூங்கியிருக்கிறேன். ஜமாஅத் எழும்பி நின்றபோது என் நெற்றி மட்டும் பாயிலே கிடந்தது. பக்கத்தில் நின்றவர் என்னைப் பெரிய பக்திமான் என்று நினைத்தாராம்.

டாக்டர்மார் கதையை எடுத்தால் எனக்குக் கொதி வரும். சீனி பார்த்தார்கள், தைரொய்ட் பார்த்தார்கள், இரும்புச் சத்துக் குளிசை தந்தார்கள். ஒருவர், "மனசுல ஏதும் கவலையா?" என்று கேட்டு அதற்கும் ஒரு குளிசை எழுதினார். அதைப் போட்டதும் கவலை வந்ததுதான் மிச்சம். "ரிப்போர்ட் எல்லாம் நல்லம்" என்ற வசனத்தைக் கேட்டாலே கதிரையைத் தூக்கி எறியலாம் போலிருக்கும். எல்லாம் நல்லமென்றால் நான் ஏன் ஐயா சாகிறேன்?

இரண்டு பேர், "குறட்டை விடுவீங்களா?" என்றும் கேட்டார்கள். எனக்கு எப்படித் தெரியும்? மனைவி முப்லிஹாவைக் கேட்டேன். "நான் ஒருநாளும் கேட்டதில்ல மச்சான்" என்றாள். அவள் கேட்கமாட்டாள்தான். தலைமாட்டில் இடி விழுந்தாலும் அவள் மற்றப் பக்கம் திரும்பிப் படுப்பாள். "மனுசி கேக்கல்லயாம்" என்று டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் என் நெஞ்செலும்பைப் பார்த்துவிட்டு, "இந்த உடம்புக்குக் குறட்டை வருத்தம் வராது" என்று பேனையை மூடிவிட்டார். அந்த வருத்தம் கொழுத்தவர்களுக்கு மட்டும் இறங்கியது போல!

பக்கத்து அறையில் படுப்பவர் மாமி, முப்லிஹாவின் உம்மா. அவரைக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் சொல்லலாம். எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்து பாருங்கள். ஒன்பது வருஷத்தில் மாமி என் முன்னால் நின்று பேசியதில்லை. குசினித் திரைக்குப் பின்னால் நின்று, "மருமகனுக்குத் தேத்தண்ணி வேணுமா எண்டு கேளு புள்ள" என்பார். நான் அந்தத் திரைக்கு இந்தப் பக்கம் நாலடியில் நிற்பேன். "வேணுமெண்டு சொல்லு" என்று நானும் முப்லிஹாவிடம்தான் சொல்வேன். நடுவில் நின்று அவள் சிரிப்பாள். இப்போது பல வீடுகளில் இப்படி இல்லை. மாமி பழைய காலத்து ஆள், அவருக்கு இது மரியாதை. அப்படிப்பட்டவரிடம் போய், 'நான் குறட்டை விடுகிறேனா மாமி' என்று கேட்க எந்த மாப்பிள்ளைக்கு வாய் வரும்?

போன தை மாதம் அது நடந்தது. ஆற்றங்கரை வீதியில் பதினாலு பிள்ளைகளோடு வந்துகொண்டிருந்தேன். நல்ல வெளிச்சம், காலை ஏழு மணி. முன் சீற்றில் இருந்த சஹ்லா என்ற சின்னவள், "மாமா, நித்திரயா?" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். கண்ணைத் திறந்தபோது முன் சில்லு தார் ரோட்டை விட்டு இறங்கி, தண்ணீருக்கு ஒரு முழம் இருக்க உருண்டுகொண்டிருந்தது. பிரேக்கை மிதித்தேன். பிள்ளைகள் விளையாட்டென்று நினைத்துக் கை தட்டின. 

அவர்களைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்து, வானைப் பூட்டித் திறப்பை முப்லிஹாவின் கையில் கொடுத்தேன். இது என்ன வருத்தமென்று தெரியாமல் இனி ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டேன். ஊருக்கு அது போதாதா? "நித்திரை மாப்பிள்ளை இப்ப முழுநேர உத்தியோகம் எடுத்திட்டார்" என்றார் மீராசாஹிப் காக்கா. நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கோபப்படவும் ஒரு தெம்பு வேண்டும், அதுகூட இருக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து, நெஞ்சு வருத்தம் பார்க்கிற விஜிதரன் டாக்டர் மட்டக்களப்பில் ஒரு தனியார் கிளினிக்குக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். அதே கட்டடத்தில் மாமிக்கும் கண் காட்ட வேண்டியிருந்தது. சின்னவனுக்குக் காய்ச்சலென்று முப்லிஹா வரவில்லை. பஸ்ஸில் மாமி முன் சீற், நான் பின் சீற்.

டாக்டரும் குறட்டையில் தொடங்கி, மற்றவர்கள் கேட்காத ஒன்றையும் கேட்டார். "மூச்சு நிக்கிறத வீட்டுல யாரும் கண்டிருக்கினமா?"

"மனுசிக்கு ஒண்டும் கேக்காது டொக்டர்."

"வேற யார் வீட்டுல?"

"மாமி. வெளிய இருக்கிறா. ஆனா..."

அந்த 'ஆனா'வை அவர் காதில் வாங்கவில்லை. தாதியை அனுப்பிக் கூப்பிட்டுவிட்டார். மாமி வந்து எனக்கு முதுகு காட்டி, சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, இவர் ராவில மூச்சு விடாம இருக்கிறத எப்பவாவது கேட்டிருக்கிறீங்களா?"

மாமி கலண்டரிடம் சொன்னார். "ஓம் டொக்டர். ஒவ்வொரு நாளும் நிக்கும்."

நான் கதிரையில் திரும்பி மாமியின் முதுகைப் பார்த்தேன்.

"எவ்வளவு நேரம் நிக்கும்?"

"மணிக்கூடு பாக்கத் தெரியாது. குறட்டை நிண்டதும் ஸலவாத்து ஓதத் தொடங்குவன். பதினொண்டு ஓதுவன், சில நாளைக்குப் பதினாலு. பிறகு மூச்சு இழுபட்டு வரும்."

"ஒருக்கா ஓதிக் காட்டுங்க அம்மா" என்று டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாமி கண்ணை மூடி ஓதினார். அல்லாஹும்ம ஸல்லி அலா முஹம்மத். பதினொன்று முடிந்ததும், "இருபத்தேழு செக்கன்" என்று டாக்டர் எழுதினார். "பயத்துல ஓதக்குள்ள இன்னும் கொஞ்சம் வேகமா வரும்" என்று மாமி திருத்தினார்.

"ஓதியும் மூச்சு வராட்டி?"

"இன்னும் ஓதுவன்."

"இத ஏனம்மா ஒருத்தருக்கும் சொல்லல்ல?"

"மருமகன்ட படுக்கையப் பத்தி மாமி கதைக்கிறதா டொக்டர்?"

வெளியே வந்தபோது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஒன்பது வருஷம்! எத்தனை ஊசி, எத்தனை குளிசை, ஊர் வாயில் எத்தனை பட்டம்! பதினாலு பிள்ளைகள் தண்ணீருக்குள் போகப் பார்த்தன. பஸ் தரிப்பிடத்தில் வழக்கம், மரியாதை எல்லாவற்றையும் மறந்து நேரே கேட்டுவிட்டேன். "எனக்குச் சொல்லாட்டிக் காரியமில்ல மாமி. உங்கட மகளுக்காவது சொல்லியிருக்கலாமே?"

மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "சொன்னா அவளும் முழிச்சிக்கிட்டுக் கிடப்பா. புள்ளைகள் பாக்கிறவ. ஊட்டுல ஒராள் முழிச்சிருந்தாப் போதுமெண்டு நினச்சன்."

 பகலில் அரிசி புடைக்கும்போது அவர் தூங்கி விழுவதை நான் கண்டிருக்கிறேன். வயசு போய்விட்டது என்றுதான் நினைத்தேன். இந்த மனுசியோடு நான் எந்த முகத்தோடு சண்டை பிடிப்பது?

பிறகு உடம்பெல்லாம் வயர் ஒட்டி ஓர் இரவு சோதித்தார்கள். மணித்தியாலத்துக்கு முப்பத்தாறு தரம் மூச்சு நின்றதாம். தாடை சிறிது, தொண்டை ஒடுக்கம். கொழுப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லையாம். கட்டாரிலிருக்கும் மச்சினன் ஸாஹிர் காற்றூதும் மெஷின் ஒன்று அனுப்பினான். மூக்கில் குழாயோடு படுத்த முதல் நாள் பிள்ளைகள் யானை என்று சிரித்தார்கள். இரண்டு கிழமை அந்தக் குழாயோடு மல்லுக்கட்டினேன், கழற்றி எறிந்தேன், திரும்ப மாட்டினேன். மூன்றாம் கிழமை ஒருநாள் தலையிடி இல்லாமல் எழும்பி, என்ன குறைகிறதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். களைப்பு முழுதாகப் போகவில்லை, பாதி போயிருக்கிறது. இனி வான் ஓட்டலாம் என்று போன மாதம் டாக்டர் எழுதித் தந்தார்.

முதல் நாள் காலை ஆறேகாலுக்குத் திறப்பை எடுத்தேன். சுபஹு தொழுத பாயிலேயே, முன் ஜன்னலுக்குக் கீழே, மாமி சரிந்து படுத்து ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். "உம்மா இப்ப ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான் மச்சான், எட்டு மணி வரைக்கும் எழும்புறாவில்ல. சுகமில்லயோ?" என்றாள் முப்லிஹா. "சுகமாத்தான் இருக்கிறா, எழுப்பாத" என்றேன்.

என் வான் ஸ்டார்ட் ஆனால் தெருவே எழும்பும். நியூட்ரலில் போட்டுக் கேற்றுக்கு வெளியே தள்ளினேன். மீராசாஹிப் காக்கா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"என்ன மாப்புள, முதல் நாளே பெட்டரி இறங்கிட்டா?" என்று தெருவெல்லாம் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"ஓம் காக்கா, இறங்கிட்டு. கத்தாமத் தள்ளுங்க."